மினி டிராக்டர் வாங்கப் போறீங்களா? ரோட்டவேட்டரை மட்டும் கடைசியா யோசிங்க!

வேலை சென்னையில். நிலம் ஆரோவில் பக்கம், இடையஞ்சாவடியிலோ அதை ஒட்டிய ஊர்களிலோ ஓர் ஏக்கர், ரெண்டு ஏக்கர். மாதத்துக்கு ஒரு தடவை ஈ.சி.ஆரில் காரை எடுத்தால், மரக்காணம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடலாம். இப்படி நிலம் வாங்கிய பலரின் போனில் ஒரு போட்டோ இருக்கும். புல் பூண்டு எதுவும் இல்லாமல், சீப்பால் வாரிவிட்ட மாதிரி சிவப்பாகக் கிடக்கும் நிலம். கூடவே, நிலத்தைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து ஒரு வரி: 'சார், ரோட்டவேட்டர் ஓட்டியாச்சு.'

பார்க்க அழகான படம்தான். ஆனால் இந்த மண்ணுக்கு அது நல்ல சேதி இல்லை.

வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து அலுத்துப் போனவர்கள் அடுத்து யோசிப்பது, 'நாமளே ஒரு மினி டிராக்டர் வாங்கிட்டா என்ன?' என்பதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால், அந்த ஆசைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஷோரூமுக்குப் போனால் முதலில் வரும் பேச்சு, 'எத்தனை எச்.பி. வேணும்?' அடுத்து, 'ரோட்டவேட்டரும் சேர்த்துப் போட்டுடலாமா சார்?'

தொடங்க வேண்டிய இடம் இது இல்லை. டிராக்டர் என்பது இழுக்க, தூக்க, சுற்றத் தெரிந்த ஓர் இன்ஜின், அவ்வளவுதான். நிலத்தில் வேலை பார்ப்பது அதன் பின்னால் மாட்டுகிற கருவி. வருடத்தில் என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று முதலில் எழுதிப் பார்த்தால் எந்தக் கருவி என்பது தெரியும். கருவி தெரிந்தால் எச்.பி. தானாக முடிவாகிவிடும். அப்படி எழுதிப் பார்த்தால், எல்லோரும் முதலில் வாங்குகிற ரோட்டவேட்டர், இந்தப் பகுதியின் சிறிய நிலங்களுக்குச் சொந்தமாக வாங்கவே தேவையில்லாத கருவி என்பதும் தெரிந்துவிடும்.

அப்படி என்ன இந்த மண்ணில்?

இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், ஆரோவில் எல்லாம் இருப்பது ஒரு செம்மண் மேட்டில். கடல் சில கிலோமீட்டர் தூரத்தில். மேட்டின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரம். கேட்கச் சின்ன உயரம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுவதற்கு அந்தச் சரிவு தாராளமாகப் போதும். ஓடும் தண்ணீர் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும்.

1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு பெரும்பாலும் மரமில்லாத பொட்டல். மழைநீர் அரித்து அரித்து ஆளுயரப் பள்ளங்கள் விழுந்திருந்தன. அங்கு வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் முதலில் செய்த பெரிய வேலை, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டது. வரப்பு தண்ணீரைத் தடுத்து நிறுத்திய பிறகுதான் வைத்த செடிகள் நின்றன. இன்றைக்கு அங்கே தெரியும் காடு, ஐம்பது வருடத்துக்கு மேலான மண்வேலையின் மேல் நிற்கிறது.

அந்தக் காட்டை ஒட்டி நிலம் வாங்குகிறவர்கள், காட்டின் பசுமையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அந்தக் காட்டை உருவாக்கிய வேலைக்கு நேர்மாறான வேலையைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ரோட்டவேட்டர் என்ன செய்கிறது?

டிராக்டரின் பின்பக்கம் சுற்றும் தண்டுக்கு பி.டி.ஓ. என்று பெயர். அதிலிருந்து சக்தியை வாங்கி, 'எல்' வடிவக் கத்திகளைச் சுழற்றி மண்ணை வெட்டுவது ரோட்டவேட்டர். நாலு முதல் ஆறு அங்குல ஆழத்துக்கு மண்ணை மாவு போல ஆக்கிவிடும். ஒரே ஓட்டில் களையும் காணாமல் போகும், நிலமும் சமமாகும். டிரைவருக்கும் சந்தோஷம், ஓனருக்கும் சந்தோஷம்.

சிக்கல் அதற்கு அப்புறம். செம்மண்ணில் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டிகளாக இருப்பதுதான் தண்ணீர் உள்ளே இறங்க வழி. அந்தக் கட்டிகளை அடிக்கடி நொறுக்கினால், முதல் கனமழையிலேயே மேல்மண் கரைந்து, வெயில் பட்டதும் ஓடு போல இறுகிவிடும். கிராமத்தில் இதைப் பொருக்குத் தட்டுவது என்பார்கள். மல்லாட்டை போட்டவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். முளை மேலே வரத் திணறும். பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கவும் திணறும். இன்னொரு பக்கம், ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில் கத்தி தேய்த்துக்கொண்டே போவதால், அதற்குக் கீழே ஒரு கடினத் தட்டு உருவாகும். மேலே ஓடு, கீழே தட்டு. நடுவில் இருக்கும் பொடிமண் மழைக்கு என்ன செய்யும்? தண்ணீரோடு கிளம்பிவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு ஒரு வாரம் முன்னால் மாவாக உழுது விட்ட நிலமும், அறுத்த புல் மேலே மூடிக் கிடக்கும் நிலமும் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பே இல்லை.

இதனால் ரோட்டவேட்டர் மோசமான கருவி என்று அர்த்தம் இல்லை. கழனியில் சேறு அடிக்க, பசுந்தாள் உரத்தை மடக்கி உழ, காய்கறிக்கு மேட்டுப்பாத்தி தயார் செய்ய அதற்கு ஈடு இல்லை. மரக்காணம், திண்டிவனம் பக்கம் தர்பூசணி போடுபவர்கள் பாத்திக்கு முன்னால் ஒரு ஓட்டு ஓட்டுவதில் நியாயம் இருக்கிறது. எதுவுமே பயிர் செய்யாத நிலத்தில், 'சும்மா சுத்தமா இருக்கட்டும்' என்று வருடத்துக்கு இரண்டு முறை ஓட்டுவதுதான் பிரச்சினை. இப்படி ஓட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. நிலத்தை உழுது போட்டால், 'ஆள் இருக்காங்க, கவனிக்கிறாங்க' என்று ஊருக்குத் தெரியும். ஆக்கிரமிப்பு வராது என்ற நம்பிக்கை. பாம்பு பயமும் ஒரு காரணம். இரண்டும் நியாயமான பயம்தான். ஆனால் புல்லை மட்டும் அறுத்து விட்டாலே இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

கணக்கும் கட்டுப்படியாகாது

மண்ணை விடுங்கள், பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ரோட்டவேட்டர் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் டிராக்டரோடு வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு ஏக்கர், வருடத்துக்கு ரெண்டு முறை, ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வருடத்துக்கு 6 மணி நேர வேலை, அதாவது 6,000 ரூபாய். கருவிக்குப் போட்ட காசு திரும்ப வர 16 வருடத்துக்கு மேல் ஆகும். டீசல், கத்தி மாற்றும் செலவு, கியர்பாக்ஸ் ஆயில் எதையும் இதில் சேர்க்கவில்லை. டிராக்டர் விலையையும் சேர்க்கவில்லை.

'மானியம் கிடைக்குமே?' என்று கேட்கலாம். கிடைக்கும். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்ற அளவில் மானியம் உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. பாதி விலை என்று வைத்தாலும் எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் இந்தக் கரையோர உப்புக்காற்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத ஒன்றை வாங்கினால் மீதிப் பாதி நஷ்டம்தானே.

எது சொந்தம், எது வாடகை?

வாடகையை எதிர்ப்பவர்கள் சொல்லும் ஒரு வாதம் வலுவானது. மழை பெய்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். செம்மண்ணில் ஈரம் நாலைந்து நாள்தான் நிற்கும். 'நாளைக்கு வர்றேண்ணே' என்று டிரைவர் மூன்று நாள் இழுத்தால் ஆடிப்பட்டமே போய்விடும். உண்மைதான். அதனால் பிரிக்க வேண்டிய கோடு இதுதான்: ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலைக்கான கருவி சொந்தமாக இருக்கட்டும். ஒரு வாரம், ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்ற வேலைக்கு வாடகை போதும்.

இந்தக் கோட்டில் முதலில் சொந்தமாக வர வேண்டியது சாதாரணக் கொத்துக் கலப்பை. மினி டிராக்டருக்கு ஐந்து கொத்து. விலை ரோட்டவேட்டரில் ஒரு சின்னப் பங்குதான். சுழலும் பாகம் எதுவும் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. கொழு தேய்ந்தால் ஊர்ப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம். முந்திரி வேரும் செம்பூராங்கல்லும் உள்ள நிலத்துக்கு ஸ்பிரிங் வைத்த கலப்பையாக வாங்குவது நல்லது. கல்லிலோ வேரிலோ மாட்டினால் கொத்து பின்னால் மடங்கிக்கொள்ளும், சட்டம் வளையாது. சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு ஓட்டினால், நிலம் கட்டியும் முட்டியுமாகக் கிடக்கும். போட்டோவுக்கு நன்றாக இருக்காது. ஆனால் அடுத்து வரும் மழையை அந்தக் கட்டிகள்தான் பிடித்து நிறுத்தும். சரிவோடு சேர்த்து மேலிருந்து கீழாக ஓட்டினால், ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். டிரைவர்கள் நிலத்தின் நீளவாக்கில் ஓட்டத்தான் விரும்புவார்கள்; திருப்பம் குறையும், டீசல் மிச்சம். அங்கே மட்டும் ஓனர் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்லாஷர். ஒரு தகட்டுக்கு அடியில் கத்தி சுழன்று புல்லையும் புதரையும் அறுத்துப் போடும் கருவி. இந்தப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்றே சொல்லலாம், ஆனால் ஷோரூம்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. முந்திரித் தோப்பில் இதன் அருமை தெரியும். முந்திரியின் உறிஞ்சும் வேர்களில் நிறைய மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். மரத்தடியில் கலப்பையோ ரோட்டவேட்டரோ ஓட்டினால் களையோடு அந்த வேர்களும் அறுபடும். ஸ்லாஷர் மண்ணைத் தொடாது. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், அறுபட்ட புல் மேலே மூடாக்காகக் கிடக்கும். மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது. கொட்டை பொறுக்கும் நேரத்தில் கீழே விழுந்தது கண்ணுக்கும் தெரியும். மழைக்காலம் முழுக்க வளரும் புல்லுக்கு மூன்று, நாலு ஓட்டு தேவைப்படும் என்பதால் மணிக்கணக்கும் தேறும்.

இதையே இன்னும் பொடியாக அறுத்துப் போடுவது மல்ச்சர். நல்ல கருவிதான், ஆனால் அதே அகலத்துக்கு அதிக எச்.பி. கேட்கும், விலையும் அதிகம். ரெண்டு ஏக்கருக்கு அது ஆடம்பரம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றால் ஸ்லாஷரும் ஆடம்பரம்தான். தோளில் மாட்டும் பிரஷ் கட்டரும் ஓர் ஆளும் போதும், டிராக்டர் பேச்சே வேண்டாம்.

மூன்றாவது, டிரெய்லர். யாரும் ஆசைப்பட்டு வாங்காத பொருள். ஆனால் சின்ன நிலத்தில் டிராக்டர் அதிக மணி நேரம் ஓடுவது இதோடுதான். எரு ஏற்ற, வேலிக்கல் கொண்டுவர, செடிக்குத் தண்ணீர் டேங்க் தூக்க, விளைந்ததை ரோட்டுக்குக் கொண்டு போக. கவிழ்த்துக் கொட்டும் வசதி இருந்தால் ஓர் ஆள் கூலி ஒவ்வொரு நடைக்கும் மிச்சம். ஈ.சி.ஆர். பக்கம் இரவில் போவதாக இருந்தால் பின்னால் ரிஃப்ளெக்டரும் விளக்கும் கட்டாயம். விளக்கில்லாத டிரெய்லர் அந்த ரோட்டில் எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பக்கம் இரவில் கார் ஓட்டிய யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மற்றதெல்லாம் வாடகைப் பட்டியல்தான். உளிக்கலப்பை இதில் முக்கியம். ரோட்டவேட்டர் உருவாக்கிய கடினத் தட்டை உடைக்கும் மருந்து இது. 50 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும், சுமார் 40 செ.மீ. ஆழத்துக்கு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஓட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மினி டிராக்டரால் இதை இழுக்க முடியாது, பெரிய வண்டி வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு நாள் வேலைக்கு யார் சொந்தமாக வாங்குவார்கள்? சட்டிக் கலப்பை, குழி தோண்டும் ஆகர், ரோட்டவேட்டர் எல்லாம் இதே ரகம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது; மணிக்கு 500 ரூபாய் என்ற அளவில். இ-வாடகை சேவையிலோ உழவன் செயலியிலோ பதிவு செய்யலாம். சீசனில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால், அவசரமில்லாத வேலைகளுக்கு இது சரியான இடம்.

பின்னைக் கவனிக்காமல் காசைக் கொடுக்காதீங்க

கருவி முடிவான பிறகு டிராக்டரோடு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு எந்தக் கம்பெனி கருவியையும் எந்தக் கம்பெனி டிராக்டரிலும் மாட்ட முடிகிறது என்றால் காரணம், பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு. ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கிய அமைப்பு இது. 1939இல் ஃபோர்டு டிராக்டரில் வந்த பிறகு உலகமெங்கும் பரவியது. ஆனால் இதிலும் அளவுகள் உண்டு. பெரிய டிராக்டர்களில் கேட்டகரி 1 அல்லது 2. மினி டிராக்டர்களில் பல, கேட்டகரி 1-இன் குறுகிய வடிவமான '1 என்'. பின் கனம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கைகளுக்கு நடுவில் உள்ள அகலம் மாறும். உறவினர் பழைய கலப்பையைச் சும்மா தருகிறார் என்று வண்டி வைத்து ஏற்றி வந்து, மாட்ட முடியாமல் பட்டறையில் வெல்டிங் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்தது தூக்கும் திறன். 11 எச்.பி. ஸ்வராஜ் கோட் போன்ற வண்டி தூக்குவது 220 கிலோ. 20 எச்.பி. மஹிந்திரா ஜிவோ 225 தூக்குவது 750 கிலோ. இந்த எண்கள் கைகளின் நுனியில் கணக்கிட்டவை. கருவியின் கனம் அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால், நடைமுறையில் தூக்குவது குறைவாகத்தான் இருக்கும். 200 கிலோவை ஒட்டிய கருவியைச் சின்ன வண்டியில் மாட்டினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. சரிவில் அது விளையாட்டில்லை. முன்பக்கம் எடைக்கல் மாட்ட வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

அகலமும் முக்கியம். கருவி, பின்சக்கரங்கள் பதியும் அகலத்தை மூட வேண்டும். குறைந்தால் சக்கரம் அமுக்கிய தடம் உழாமல் அப்படியே நிற்கும். அதற்காக அகலமாக வாங்கினால் இன்ஜின் திணறும்.

உப்புக்காற்று

மரக்காணத்தில் உப்பு விளைவிக்கும் அதே காற்றும் வெயிலும்தான் இங்கும். இரும்பு இந்தக் கரையில் சீக்கிரம் வயதாகும். வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டி, கழுவி, காயவிட்டு, கொழுவுக்கும் கத்திக்கும் பழைய ஆயில் தடவி, தரையில் படாமல் கட்டை மேல் வைத்தால் பல வருடம் உழைக்கும். பி.டி.ஓ. தண்டின் உள்ளே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்க்கு கிரீஸ் மறந்தால் துரு பிடித்து இறுகிவிடும். அடுத்த முறை கருவியைத் தூக்கும்போது அந்த அழுத்தம் நேராக கியர்பாக்ஸில் போய் இறங்கும். மாதத்துக்கு ஒரு முறை வருகிற ஓனருக்கு, சுழலும் பாகம் அதிகமுள்ள கருவி ஏன் ஆகாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். இன்னொன்று: ஸ்லாஷரிலும் ரோட்டவேட்டரிலும் அதிர்ச்சி வந்தால் முதலில் உடைய வேண்டும் என்றே ஒரு ஷியர் போல்ட் வைத்திருப்பார்கள். அது உடையும்போது, 'அடிக்கடி ஒடையுது' என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால், அடுத்து உடைவது பல ஆயிரம் ரூபாய் சாமான்.

புல்வெளி ஆசை இருந்தால்?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஞாயிற்றுக்கிழமை குட்டி டிராக்டரில் உட்கார்ந்து புல் வெட்டும் வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் நிறைய. ஜான் டியர் 1963இல் '110' என்ற மாடலைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அங்கே அது ஒரு தனி ரகம்: வயிற்றுக்கு அடியில் புல்வெட்டி, பின்னால் சின்ன வண்டி, குளிரில் பனி தள்ளும் பலகை. அந்த ஊர் வீட்டுத் தோட்டத்துக்கு அது சரி. இடையஞ்சாவடியில் அரை ஏக்கர் புல்வெளி வைத்தால் புல் வெட்டுவது சின்னச் செலவு, தண்ணீர்தான் பெரிய செலவு. இந்தக் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்க இறங்க, கடல்நீர் உள்ளே வரும் பயமும் கூடுகிறது. கோடையில் தானாகக் காய்ந்து, மழையில் தானாகத் துளிர்க்கும் ஊர்ப்புல்லை ஸ்லாஷரால் ஒரு ஜாண் உயரத்தில் அறுத்து வைத்தால் அதுவும் பச்சையாகத்தான் இருக்கும், வருடத்தில் பாதி நாள்.

ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம்

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 9. வேட்டி நுனியோ துண்டோ துப்பட்டாவோ மாட்டினால், கையை இழுக்க நேரம் இருக்காது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையை, 'கிரீஸ் போட இடைஞ்சல்' என்று கழற்றி வீசிவிட்டு ஓட்டுவது சகஜமாக நடக்கிறது. உறை இல்லாத கருவியை ஓசியில் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. ஸ்லாஷர் ஓடும்போது செம்பூராங்கல் துண்டுகள் தெறிக்கும். பின்னால் சங்கிலித் திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஆளையும் குழந்தைகளையும் தள்ளி நிறுத்த வேண்டும். மட்கார்டில் குழந்தையை உட்கார வைத்து ரீல்ஸ் எடுப்பது வேண்டவே வேண்டாம். சரிவும் வரப்பும் பள்ளமும் உள்ள இந்த மேட்டில், கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் பாதுகாப்பு வளைவு இல்லாத வண்டியை வாங்குவதில் அர்த்தமில்லை. ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டது. முந்திரிக் கிளை இடிக்கிறது என்றால், மடக்கும் வகை வளைவு கேட்டு வாங்கலாம். தோப்பை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்த மறக்கக் கூடாது.

டிராக்டரே வாங்காமல் கருவி மட்டும் வாங்கினால்?

சென்னையில் இருப்பவர் வாங்கும் டிராக்டரை யார் ஓட்டுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வாங்கிய வண்டிகள் ஷெட்டில் பேட்டரி இறங்கி நிற்கும். ஊரில் ஏற்கெனவே நாலைந்து பெரிய டிராக்டர்கள் இருக்கும். அவர்களிடம் ஒன்பது கொத்துக் கலப்பை இருக்கும், ரோட்டவேட்டர் இருக்கும், டிரெய்லர் இருக்கும். பெரும்பாலும் இல்லாதது ஸ்லாஷரும், வரப்பு போடும் கருவியும். வாடகைக்குக் கேட்க ஆள் இல்லாததால் அவர்கள் வாங்கவில்லை; அவர்களிடம் இல்லாததால் யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் ரெண்டு ஏக்கர்க்காரருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நாலைந்து லட்சம் போட்டு வண்டி வாங்குவதற்குப் பதில், பக்கத்து டிராக்டர்காரரின் வண்டிக்குப் பொருந்தும் ஒரு ஸ்லாஷரையோ வரப்பு போடும் கருவியையோ மட்டும் வாங்கி அவரிடமே விடலாம். உங்கள் நிலத்துக்கு அவர் டீசலும் டிரைவர் கூலியும் மட்டும் வாங்கிக்கொள்வார். அக்கம்பக்கத்தில் ஓட்டும் வாடகையில் ஒரு பங்கு உங்களுக்கு. நாலு நிலத்துக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் செலவு இன்னும் கம்மி. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடும் வேலை ஒருவர் நிலத்தோடு நிற்பதும் இல்லை. மேல்நிலத்துக்காரர் வரப்பு போடாவிட்டால் கீழ்நிலத்துக்காரர் வரப்பு முதல் மழையிலேயே உடையும். அதனால் இதைச் சேர்ந்து செய்வதில்தான் பலன்.

ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. கருவி யார் ஷெட்டில் நிற்கும், கத்தி தேய்ந்தால் யார் செலவு, கல்லில் மோதி வளைந்தால் யார் செலவு, ஐப்பசி மழைக்கு முன் யார் நிலத்துக்கு முதலில் ஓடும். பிற்பாடு சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் என்பதால், அதை முதல் வரியாக எழுதுவது உத்தமம்.